மணிக்குப் புனிதம், கைக்குத் தீட்டு

அம்மாவின் செபமாலை அறுந்துபோனது. இருபது வருடத்துக்கு மேல் அவர் கையில் இருந்த மாலை. நீலக் கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டி, கம்பி முனையை வளைத்து அடுத்த மணியோடு கோர்த்தது. தலையணைக்கு அடியிலிருந்து எடுக்கும்போது ஒரு வளையம் விட்டு, மணிகள் தரையில் சிதறின. பொறுக்கி எடுத்ததில் இரண்டு மணிகள் கிடைக்கவில்லை. மீதியை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். "வேளாங்கண்ணி பக்கம் போனா கட்டிட்டு வா. புதுசு வேணாம்."

திருவிழா முடிந்த வாரத்தில் போனேன். கடைக்காரர்கள் யாரும் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. புதியதே நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும்போது பழையதை யார் கட்டுவார்கள் என்றார்கள். கடைசியில் கடைவரிசை முடியும் இடத்தில், நெகிழிச் சாக்கை விரித்து மாலைகளைப் பரப்பியிருந்த ஓர் அக்காவிடம் கொடுத்தேன். நீங்களும் நானும் "நரிக்குறவர்" என்று சொல்லிப் பழகிய சமூகத்தைச் சேர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும்.

மணிகளை மடியில் கொட்டி, விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். "இதுல மூணு மணி கொறையுது சாமி."

"ரெண்டுதானே தொலைஞ்சுது?"

"ரெண்டு இப்ப தொலைஞ்சுது. ஒண்ணு முன்னாலயே இல்ல. இந்தப் பத்துல ஒம்போதுதான் இருந்திருக்கு, பாரு." அறுபடாமல் இருந்த ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். உண்மைதான். "அம்பத்தொம்போது இருக்கணும்ல."

ஐந்து பத்துகள், இடையில் நான்கு தனி மணிகள், சிலுவைப் பக்கம் ஐந்து மணிகள். மொத்தம் 59. ஞானஸ்நானம் வாங்கிய எனக்கு அந்தக் கணக்கு நினைவில் இல்லை. அவருக்கு இருந்தது. தகர டப்பாவிலிருந்து கிட்டத்தட்ட அதே நீலத்தில் மூன்று மணிகளைத் தேடி எடுத்தார். சின்னக் குறட்டால் கம்பியை வெட்டி, வளைத்து, மூடி, இருபது நிமிடத்தில் மாலையை முழுசாக்கினார். அறுபது ரூபாய் கேட்டார். நான் நாற்பதுக்குப் பேசினேன். கொடுத்துவிட்டார். அங்கிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டபோது மறுபேச்சு இல்லாமல் ஏறி உட்கார்ந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த இருபது ரூபாயைப் பற்றியது. சாதி ஒழிப்பு பற்றிப் பேசுகிற, எழுதுகிற, அதிலேயே முனைவர் பட்டத்துக்கு ஆய்வும் செய்கிற எனக்கு, அந்த இடத்தில் பேரம் பேசத் தோன்றியது ஏன்?

மூன்று மதத்துக்கும் ஒரே கை

முதலில் பெயர். "நரிக்குறவர்" என்பது வெளியிலிருந்து வைத்த பெயர். அவர்கள் தங்களை வாக்ரி என்கிறார்கள். பேசும் மொழி வாக்ரிபோலி. குஜராத்தி, மராத்தி போன்ற மொழிகளோடு உறவுள்ளது. தமிழகத்தின் குறவர் சமூகத்தோடு இவர்களுக்கு மொழியிலோ வழக்கத்திலோ தொடர்பில்லை. பெயரால் ஏற்படும் குழப்பத்தைக் குறவர் அமைப்புகளும் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகின்றன. சட்டத்தின் பட்டியலில் ஏறியிருப்பது என்னவோ "நரிக்குறவன், குருவிக்காரன்" என்ற பெயர்கள்தான். அதில் இருக்கும் அந்த "ன்" விகுதியையும் கவனித்துக்கொள்ளுங்கள். இனி இந்தக் கட்டுரையில் வாக்ரி என்றே எழுதுகிறேன்.

காவிரி டெல்டா கோயில்களின் நாடு என்று பெருமை பேசுகிறோம். தஞ்சைப் பெரிய கோயில், கும்பகோணம், திருவையாறு, வைத்தீஸ்வரன் கோயில். கிழக்கே போனால் நாகூர் தர்கா, வேளாங்கண்ணி. இந்த வாசல்களில் எல்லாம் ருத்ராட்சம், ஸ்படிகம், துளசி, தாமரை மணி என்று மாலைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வேளாங்கண்ணியில் பேசிய அக்கா தன் வருடத்தைச் சொன்னார். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களுக்குத் துளசியும் ருத்ராட்சமும். நாகூர் கந்தூரிக்குப் போனால் தஸ்பீஹ். ஆகஸ்ட் 29 கொடியேறினால் செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணி. "நூத்தியெட்டு, தொண்ணூத்தொம்போது, அம்பத்தொம்போது. எந்த சாமிக்கு எத்தினின்னு கை சொல்லும்" என்றார்.

மதவாதிகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளச் சொல்கிற காலத்தில், மூன்று மதத்தின் செபத்தையும் ஒரே கை கட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நான் இதை "மத நல்லிணக்கம்" என்ற இனிப்பான தலைப்பில் எழுதப்போவதில்லை. மூன்று மதத்தாரும் அந்தக் கையிடமிருந்து மணியை வாங்கிக்கொண்டு, கைக்காரரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நல்லிணக்கம் அதில்தான் இருக்கிறது.

அவர்களுடைய சொந்தச் சாமிக்கு இந்த மாலைகள் எதுவும் தேவையில்லை என்பது இன்னொரு செய்தி. வாக்ரி குடும்பங்களின் தெய்வம் "சாமி மூட்டை"யில் இருக்கிறது. அம்மனுக்கான துணிமணிகளும் வழிபாட்டுப் பொருள்களும் கட்டிய மூட்டை அது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவது. நடுவில் புரோகிதர் கிடையாது.

வேலை என்பது என்ன?

"மணி கோர்க்கிறதுல என்ன இருக்கு? ஊசி, நூல், அவ்வளவுதானே?" என்று கேட்கிறவர்களுக்காக, தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்கு வெளியே நான் சில நாட்கள் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ருத்ராட்சம் என்பது ஒரு மரத்தின் பழக்கொட்டை. பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வருகிறது. சிறிய மணி என்றால் அநேகமாக இந்தோனேசியா, பெரிய மணி நேபாளம். முகம் என்று சொல்வது கொட்டைக்குள் இருக்கும் விதை அறைகளின் எண்ணிக்கை. ஐந்து அறை இருந்தால் வெளியே ஐந்து கோடு. அதிகம் விளைவது ஐந்து முகம்தான். அதனால்தான் அது மலிவு. நடுவில் துளை இயற்கையாகவே ஓரளவு இருக்கும், ஆனால் சக்கை அடைத்திருக்கும். அதைக் குத்தி எடுக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் மணி பிளந்துவிடும். பிளந்தால் அந்த நஷ்டம் அவர்களுடையது.

மணிகளை அளவு பார்த்துப் பிரிப்பது அடுத்த வேலை. 108 மணியில் நான்கு பெரிதாக இருந்தால் மாலை ஒரு பக்கம் இழுக்கும், எண்ணுகிறவர் விரல் தட்டும். பிறகு நூல். காலை நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலில் நூலை மாட்டி விறைப்பாக்கிக்கொண்டு, ஒவ்வொரு மணிக்கும் பிறகு ஒரு முடிச்சு. அந்த முடிச்சு அழகுக்காக மட்டும் இல்லை. மணியும் மணியும் உரசித் தேயாமல் காப்பது அது. நூல் அறுந்தால் ஒரு மணியோடு போகும், மாலை முழுவதும் கொட்டாது. முடிச்சு தளர்ந்தால் மணி ஆடும். இறுகினால் மாலை கழுத்தில் படியாமல் கம்பி போல நிற்கும். கடைசியில் மேரு மணி. செபிக்கிறவர் அதைத் தாண்டாமல் திரும்ப வேண்டும் என்பதால் அது விரலுக்குத் தனியாகத் தெரிய வேண்டும். நைலான் என்றால் முனையை நெருப்பில் உருக்கி அழுத்துவார்கள். பருத்தி நூல் என்றால் முடிச்சை மணிக்குள் இழுத்து மறைப்பார்கள்.

பழுது பார்ப்பது புதிதாகக் கட்டுவதைவிடக் கடினம். புது மாலையில் மணி அவர்கள் தேர்ந்தெடுத்தது. பழைய மாலையில் மணி வேறொருவருடையது. இறந்துபோன அப்பா போட்டிருந்தது, மலைக்கு மாலை போட்டபோது குருசாமி கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். ஒரு மணியும் தொலையாமல், மாறாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். எண்ணெய் இறங்கிக் கறுத்த மணிகளுக்கு நடுவில் புது மணி சேர்த்தால் பல்லிளிக்கும். அதற்காகவே பழைய மணிகளைத் தகர டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அம்மாவின் மாலைக்கு நீல மணி கிடைத்தது அப்படித்தான். இது கைத்திறன், கணக்கு, நினைவு மூன்றும் சேர்ந்த வேலை. நகைப் பட்டறையில் ஒருவர் இதைச் செய்தால் அவருக்குக் கூலி உண்டு, "ஆசாரி" என்ற மரியாதை உண்டு. தெருவோரத்தில் செய்தால் பேரம்.

பாலில் ஊறவைப்பது

கும்பகோணத்தில் சாதி இந்துத் தோழி ஒருவரின் வீட்டில், புது ருத்ராட்ச மாலை கிண்ணத்துப் பாலில் கிடந்தது. கேட்டேன். "வாங்கினதும் அப்படியே போடக்கூடாது. பால்ல ஊறவச்சு, கோயில்ல குடுத்து சாமி கால்ல வச்சு வாங்கணும்" என்றார் தோழியின் அம்மா. நகைக்கடையில் வாங்கிய தங்கச் சங்கிலியையும் இப்படிச் செய்வீர்களா என்றேன். சிறிது யோசித்துவிட்டு வெள்ளந்தியாகச் சொன்னார்: "அது கடையில வாங்குறது. இது அவங்க கைபட்டதில்லையா."

நேர்மையாகச் சொல்ல வேண்டும். ருத்ராட்சத்துக்கு எண்ணெயோ நெய்யோ தடவுவதில் நியாயம் இருக்கிறது. அது ஒரு கொட்டை, வறண்டால் வெடிக்கும். அவ்வப்போது எண்ணெய் காட்டுங்கள் என்று மாலை கட்டுகிறவர்களே சொல்கிறார்கள். அது பராமரிப்பு. ஆனால் பராமரிப்பு என்று தொடங்கியது எந்த இடத்தில் தீட்டுக் கழிப்பாக மாறுகிறது என்று பாருங்கள். காட்டில் விழுந்த கொட்டைக்குத் தீட்டில்லை. கப்பலில் வந்த சாக்குக்குத் தீட்டில்லை. மொத்த வியாபாரியின் கிடங்குக்கும் இல்லை. அதைப் பிரித்து, குத்தி, கோர்த்து, மாலையாக்கிய கை மட்டும்தான் தீட்டு. எந்த இடத்தில் உழைப்பு சேர்கிறதோ அந்த இடத்தில்தான் தீட்டும் சேர்கிறது. அதைக் கழிக்கிற கைக்குத் தட்சணை.

மதிப்பு எங்கே ஏறுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தெருவில் கட்டிய மாலையைப் போலவே ஒன்று, "சக்தியூட்டப்பட்டது" என்ற சீட்டோடு அழகான பெட்டியில் வந்தால் பல மடங்கு விலை. அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சினிமாக்காரர்கள் கழுத்தில் பார்த்துவிட்டுக் கருங்காலி மாலை மோகம் கிளம்பியது. இணையத்தில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். சாயம் பூசிய மரக்கட்டைகளும் சந்தைக்கு வந்தன. பழி யார் மீது விழுந்தது? "ரோட்டுல விக்கிறவன்கிட்ட வாங்காதீங்க, போலி" என்று காணொளி போட்டவர்களில் பலர் தாங்களும் மாலை விற்றுக்கொண்டிருந்தவர்கள். தெருவில் போலி இல்லை என்று சொல்லவில்லை. கண்ணாடியை ஸ்படிகம் என்று விற்பது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மணி எந்த மொத்தக் கிடங்கிலிருந்து வந்ததோ அந்தக் கிடங்குக்காரரை யாரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. கடைசிக் கையைத்தான் திருடன் என்கிறோம். 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1952இல் ஒழிந்தது. நாடோடி என்றால் திருடன் என்ற புத்தி மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே படிப்படியாக அடுக்கி வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். ஒரு ருத்ராட்ச மாலையின் பயணம் அதற்கு நேரடி விளக்கம்.

என் பாட்டியின் தம்ளர்

இதுவரை பிறரைச் சொன்னேன். இனி எங்களைச் சொல்ல வேண்டும்.

நான் பறையர் சமூகத்தில், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். பாட்டி பண்ணையாளாக வேலை செய்தவர். நடவுக்குப் போன வீட்டில் கொட்டாங்குச்சியில் தண்ணீர் வாங்கிக் குடித்ததை அழுதுகொண்டே சொல்வார். அதே பாட்டி, அறுப்பு முடிந்த வயலில் எலியும் காடையும் பிடிக்க வரும் வாக்ரி பெண்கள் எங்கள் தெருவில் தண்ணீர் கேட்டால், தனியாக ஒரு நெளிந்த அலுமினியத் தம்ளர் வைத்திருந்தார். அது மாட்டுக் கொட்டகை ஓரத்தில் கவிழ்ந்திருக்கும். சிறுமியாக இருந்தபோது நான் குளிக்க அடம்பிடித்தால் "குருவிக்காரி மாதிரி இருக்கா பாரு" என்பார்கள். பூச்சாண்டிக்குப் பதிலாக அவர்களிடம் பிடித்துக்கொடுத்துவிடுவோம் என்று மிரட்டுவார்கள்.

பாட்டியைக் குற்றம் சொல்வது எளிது. அவருக்குக் கீழே யாராவது இருக்கிறார்கள் என்ற ஆறுதலைச் சாதி கொடுத்தது. படிநிலை ஏற்றத்தாழ்வு என்று நாம் படிக்கிற சொல்லின் அர்த்தம் அந்த அலுமினியத் தம்ளர். வேளாங்கண்ணியில் நான் குறைத்த இருபது ரூபாயும் அந்தத் தம்ளர் இருந்த இடத்திலிருந்துதான் வந்தது. அந்த அக்கா என்னைச் "சாமி" என்று அழைத்தார். யாருமே என்னைச் சாமி என்று அழைத்ததில்லை. அப்படி அழைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. ஆனால் பேரம் முடிந்த பிறகுதான் வந்தது. "பழக்கம் சாமி" என்று சிரித்தார்.

சிட்டாவில் இல்லாதவர்கள்

என் ஆய்வு டெல்டாவின் நிலமற்ற உழைப்பாளிகளைப் பற்றியது. வருடக்கணக்காகப் பதிவேடுகளைப் புரட்டுகிறேன். நெல் நாட்டில் ஒரு மனிதர் பதிவாக வேண்டும் என்றால் நிலத்தோடு ஏதாவது உறவு வேண்டும். மிராசுதாராக, குத்தகைதாரராக, குறைந்தபட்சம் பண்ணையாளாக. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கம்யூனிஸ்டுகள் தலைமையில் நடந்த விவசாயிகள் போராட்டத்தின் விளைவு. மிகப் பெரிய வெற்றி. அந்தச் சட்டத்தில் எங்கள் பாட்டிக்கு ஒரு பெயர் கிடைத்தது: பண்ணையாள். வாக்ரிகளுக்கு அந்தப் பெயரும் இல்லை. ஏரிக்கரை, ஆற்றுப்படுகை, புறம்போக்கு என்று இருந்தவர்கள் சிட்டாவிலும் அடங்கலிலும் வரமாட்டார்கள். போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் வரவில்லை. டெல்டாவின் சாதி எதிர்ப்பு வரலாற்றை எழுதும் நாமும் அவர்களை எழுதவில்லை.

"அவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். தஞ்சாவூரில் நின்றுகொண்டு இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் மராத்தி பேசிக்கொண்டு வந்த போன்ஸ்லே மன்னர்களின் அரண்மனை நமது பாரம்பரியம். அவர்கள் வளர்த்த சரசுவதி மகால் நூலகம் நமது பெருமை. ஆனால் மராத்தியோடு உறவுள்ள மொழியைப் பேசிக்கொண்டு, தமிழையும் பேசிக்கொண்டு, தலைமுறைகளாக இங்கேயே பிறந்து சாகிற வாக்ரி அந்நியர். அரியணையில் வந்தால் பாரம்பரியம், கால்நடையாக வந்தால் நாடோடி. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்த பழங்காலக் கண்ணாடி மணிகளைக் காட்சிக்கு வைத்துக் கைதட்டுகிறோம். இன்று மணி கோர்க்கிறவர் அந்த அருங்காட்சியக வாசலில் சாக்கு விரித்தால் விரட்டுகிறோம்.

சட்டம் வந்தது, தெரு?

1965இல் லோகூர் குழு இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். 57 ஆண்டுகள். அதுவரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், நிலமும் பள்ளியும் வாக்குப்பலமும் உள்ள சாதிகளோடு போட்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டியலுக்குக் காத்திருப்பது என்ன என்று எங்களுக்கும் தெரியும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் இன்றுவரை பட்டியலுக்கு வெளியே நிற்கிறவர்கள் தலித் கிறிஸ்தவர்கள். அதனால்தான் இந்த வெற்றியை முதலில் கொண்டாட வேண்டியவர்கள் நாங்கள்.

ஆனால் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயிலில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு வாக்ரி பெண் எழுப்பப்பட்டதாகச் சொன்ன காணொளி வந்தது. அமைச்சர் அவருடன் பந்தியில் உட்கார்ந்தார், முதல்வர் பூஞ்சேரிக்கு நேரில் போய்ப் பட்டா கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் நாகர்கோவிலில் ஒரு குடும்பம் அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டது. பட்டியலில் சேர்ந்த பிறகு, 2023 மார்ச்சில் சென்னையில் கையில் டிக்கெட் இருந்தும் ஒரு குடும்பத்தைத் திரையரங்குக்குள் விடவில்லை. கோயில் நுழைவுக்கு 1939இலும் 1947இலும் சட்டங்கள் வந்தன. பந்திக்கும் பேருந்துக்கும் திரையரங்குக்கும் இன்னும் தனித்தனியாகக் காணொளி தேவைப்படுகிறது.

மணி வேலையைப் பொறுத்தவரை கையில் இருக்கும் வலுவான சட்டம் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம். கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது அது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கவும் அதில் வழியிருக்கிறது. பெரிய கோயில் வாசலும் நாகூரும் வேளாங்கண்ணியும் இதற்குப் பொருந்தாதா? ஆனால் நான் பேசிய எவரிடமும் அந்தச் சான்றிதழ் இல்லை. "போலீஸ் வந்தா சாக்கோட சுருட்டிக்குவோம்" என்றார் ஒருவர். மாலைகள் எல்லாம் ஒரே சாக்கின் மேல் பரப்பப்பட்டிருப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. நான்கு மூலையையும் பிடித்தால் மூட்டை.

குலத்தொழில் அல்ல, தொழில்

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. "அழியும் கைவினையைக் காப்போம்" என்று கிளம்புகிறவர்கள், அதே மூச்சில் "மணி கோர்ப்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியது" என்பார்கள். ரத்தத்தில் எதுவும் ஊறவில்லை. ஊசியும் பாசியும் முன்பே விற்றார்கள் என்றாலும், வாக்ரிகளின் முதன்மையான வாழ்வு வேட்டையாக இருந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அது குற்றமானது. மாற்று எதுவும் தரப்படவில்லை. பக்கத் தொழிலாக இருந்த மணி, ஒரே தொழிலானது. பரம்பரை என்று நாம் ரசிப்பதில் பாதி கட்டாயம்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தைப் பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்து அடுத்த ஆண்டே முடித்துவைத்த மண் இது. அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்பதைத்தான் எதிர்த்தோம். வாக்ரி குழந்தைகளுக்கு அதைவிட மோசமான திட்டம் எந்தச் சட்டமும் இல்லாமல் நடக்கிறது. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் கடைசியில். ஐயப்ப சீசன் நவம்பர் முதல் ஜனவரி வரை. குடும்பம் கிளம்பினால் குழந்தையும் கிளம்ப வேண்டும். திரும்பி வரும்போது அரையாண்டுத் தேர்வு முடிந்திருக்கும். பிறகு அவர்களாகவே நின்றுவிடுகிறார்கள். "அவங்களுக்குப் படிப்பு வராது" என்று ஆசிரியர் எழுதிவிடுகிறார். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் அருகே சிக்கலில் தொடங்கிய வானவில் பள்ளி போன்ற முயற்சிகள், நாடோடிச் சமூகக் குழந்தைகள் தங்கிப் படிக்க இடமும் ஆசிரியரின் மரியாதையும் கிடைத்தால் படிப்பு வரும் என்று காட்டியிருக்கின்றன. அதைச் செய்ய வேண்டியது தொண்டு நிறுவனங்கள் அல்ல, அரசு.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு கால்களில் நிற்க வேண்டும். இன்று மணி வேலை செய்கிறவருக்கு இடமும் கூலியும் மரியாதையும் வேண்டும். அவர் பிள்ளை மணியைத் தொடாமல் மருத்துவராகவோ லாரி ஓட்டுநராகவோ வழக்கறிஞராகவோ ஆகும் உரிமையும் வேண்டும். முதல் காலை மட்டும் ஊன்றினால் அது குலத்தொழில் போற்றல். இரண்டாவதை மட்டும் ஊன்றினால், இன்று சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற அக்காவைக் கைவிடுகிறோம்.

குறிப்பாகச் சொல்வதென்றால்: வாக்ரி குடியிருப்புகளுக்கே முகாம் போட்டுப் பழங்குடியினர் சான்றிதழ் வழங்க வேண்டும், எழுத்தறிவும் பழைய ஆவணமும் இல்லை என்று அலைக்கழிக்கக் கூடாது. தஞ்சை, கும்பகோணம், நாகை நகர விற்பனைக் குழுக்களில் வாக்ரி பெண்கள் இடம்பெற வேண்டும். 2028இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. 2016இல் வந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குளத்தைச் சுற்றி ஓர் அங்குலம் இருக்காது. ஏற்பாடு என்ற பெயரில் முதலில் துடைத்தெறியப்படப்போவது இந்தச் சாக்குகள்தான். இப்போதே இடம் குறித்துச் சான்றிதழ் கொடுங்கள். 2008இல் அமைத்த நரிக்குறவர் நல வாரியம் திருவிழாக் காலத்தில் தங்குமிடமும், பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க விடுதியும் ஏற்பாடு செய்யட்டும்.

அரசிடம் கேட்பது இவ்வளவு. நம்மிடம் கேட்பது இன்னும் குறைவு. அடுத்த முறை மாலை அறுந்தால் தூக்கிப் போடாதீர்கள், கட்டக் கொடுங்கள். "நீ, வா, போ" என்று பேசாதீர்கள். கேட்ட கூலியைக் கொடுங்கள். கடவுள் நம்பிக்கை உங்களுக்கு இருக்கலாம், எனக்கு இல்லாமல் இருக்கலாம். இரண்டு பேருக்கும் கூலி ஒன்றுதான்.

அம்மாவிடம் மாலையைக் கொடுத்தபோது, ஒரு பத்தில் ஒன்பது மணிதான் இருந்ததாம், இத்தனை வருடமும் தெரியவில்லையா என்று கேட்டேன். "தெரியும். அந்தப் பத்தாவதை விரல்ல எண்ணிக்குவேன். யார்கிட்ட போயி சொல்றது?" என்றார். பிறகு மாலையை மெதுவாக உருட்டி, புது மணியில் விரலை நிறுத்தினார். "எவ்வளவு குடுத்தே?"

சொன்னேன்.

"இருபது நிமிஷம் ஒக்காந்து கட்டிருக்கு. பேரம் பேசுனியா?" என்றார் அம்மா. நடவுக் கூலிக்காக வரப்பில் நின்று வாதாடியவர்.

டிசம்பரில் மறுபடி போனேன். அந்த அக்கா அங்கே இல்லை. சபரிமலைப் பக்கம் போயிருப்பதாகப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவரிடமே இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு வரலாமா என்று யோசித்தேன். செய்யவில்லை. அது கடன், தருமமாக மாறிவிடக் கூடாது. மறுபடியும் போவேன்.